கோல்ப் கீமேன்

நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பழைய படம் வந்தது. எல்லோரும் பார்த்தீர்கள், விழுந்து விழுந்து சிரித்தீர்கள். காக்கிக் கால்சட்டையும் ஓட்டைப் பனியனுமாக என் அப்பா, கையில் கோல்ப் மட்டை. பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிய கேங் மேஸ்திரி மாமா, ஒரு கண்ணை மூடித் தூரத்தை அளந்துகொண்டிருக்கிறார். பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் மாமா, யாரும் பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்திருக்கிறார். மூலையில் ஒரு கொடி. "நம்ம கோல்ப் கீமேன்!" என்று கீழே எழுதினீர்கள். நானும் ஒரு சிரிக்கிற மூஞ்சியைப் போட்டேன். போட்டுவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று குழம்பில் உப்புப் போட மறந்து வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நமக்கெல்லாம் தலைக்குச் சாயம் பூசுகிற வயது வந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இனியும் இந்தக் கதையின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, உப்புக் காற்று வீசும் நம் சின்ன ஸ்டேஷனை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அகலப் பாதை போடப் போகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்களே, அந்த வருஷத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். நம் அம்மாக்களுக்குக் கடிகாரமே ரயில்தான். காலைப் பாசஞ்சர் கூவினால் உலையில் அரிசி போடுவார்கள். அது நின்ற பிறகு எங்கள் வீட்டில் பல நாள் சோறு குழைந்தது. பழைய தண்டவாளத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலீப்பர் கட்டைகள் போன இடத்தில் வரிவரியாகப் பள்ளம் தெரிந்தது, மழைக்கு அதில் தவளைகள் குடிவந்தன. நாம் பள்ளிக்கூடத்துக்கு அதன் மேலேயே நடந்து போனோம். அம்மாக்கள் திட்டவில்லை. அதுவே நமக்கு விசித்திரமாக இருந்தது.

என் அப்பா கீமேன். தினமும் விடிந்ததும் தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் சுருட்டிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாகத் தன் எல்லை முழுக்கத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவி தளர்ந்திருந்தால் தட்டி இறுக்குவார், கழன்ற போல்ட்டை முறுக்குவார். வருஷக்கணக்காகக் குனிந்தே நடந்து அவருக்கு ஊருக்குள் நடக்கும்போதும் தலை நிமிராது. சிதம்பரம் தேரோட்டத்துக்கு எங்களை அழைத்துப் போவார். ஊரே சாமியைப் பார்க்கும், அவர் தேர்ச்சக்கரத்தையும் முட்டுக்கட்டை போடுகிறவரின் கையையும் பார்த்துக்கொண்டு நிற்பார். "சாமிய பாத்தீங்களா?" என்று அம்மா கேட்டால், "அச்சாணி நல்லாதான் இருக்குது" என்பார்.

தண்டவாளமே இல்லாத ஊரில் கீமேனுக்கு என்ன வேலை? காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழற்றிக் குவித்த இரும்புக்குக் காவல் இருந்தார்கள், முள் வெட்டினார்கள். மனுஷர் இளைத்தே போனார். அந்த நேரத்தில்தான் அதிகாரிகள் வந்து தங்கும் பழைய பங்களாவை இடிக்கப் போகிறார்கள் என்று அதைக் காலி செய்யச் சொன்னார்கள். மேஸ்திரி மாமா பரண் மேலிருந்து ஒரு நீளமான கித்தான் பையை இழுத்துக் கீழே போட்டார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் நான்கைந்து மட்டைகளும் ஒரு பிஸ்கட் டின் நிறைய மஞ்சளேறிப் போன பந்துகளும் இருந்தன.

"இன்னாடா இது, ஹாக்கியா?" என்றார் மேஸ்திரி மாமா.

"கோல்ப்பு மச்சான். பணக்காரங்க ஆடுறது" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் மாமா. டிவியில் பார்த்திருக்கிறாராம். விதிகள் எல்லாம் அவர் சொன்னதுதான். அதில் பாதி அவரே இட்டுக்கட்டியது என்று பின்னால் தெரிந்தது. அடிக்கிறவர் மட்டையைத் தூக்கிவிட்டால் யாரும் மூச்சு விடக் கூடாது, தும்மினால் ஆட்டத்தை விட்டு விலக வேண்டும் என்றெல்லாம் சட்டம் போட்டார்.

அப்பாவிடம் மட்டையைக் கொடுத்தார்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த வேலைதானே. சாவியைத் தட்டும் சுத்தியலுக்கு நீளக் கைப்பிடி, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் வீச வேண்டும். அதே வீச்சில் பந்தை ஒரு போடு போட்டார். பந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாய்க்கால் பக்கம் வாத்துகள் கத்தின. மேஸ்திரி மாமா அப்பாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். அப்பா சிரித்து நான் பார்த்தது வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ப்தான். ஸ்டேஷனில் தொடங்கி, தண்டவாளம் போன வெறும் மண்மேட்டின் மேலேயே அடித்துக்கொண்டு போய் லெவல் கிராஸிங் கேட்டில் முடிப்பார்கள். நாம் எல்லோரும் பின்னாலேயே ஓடுவோம். காணாமல் போன பந்துகள் ஊரெல்லாம் சுற்றின. கிள்ளைப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒரு நாள் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் அம்மாவிடம் நீட்டினாள். "ஆம முட்டன்னு நெனச்சி எங்க வூட்டுக்காரரு அள்ளிக்கினு வந்தாரு. ஒரு நாளு பூரா வேக வச்சேன், வேகவே இல்லம்மா" என்றாள். அம்மா சிரித்துச் சிரித்து, பேரம் பேசாமல் மீன் வாங்கிய நாள் அது ஒன்றுதான். அந்தப் பந்தைக் கொஞ்ச நாள் எங்கள் பீரோவின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

ஆட்டம் முடிகிற இடத்தில் கேட் அத்தை பால் ஊற்றாத வரட்டீ போட்டு வைத்திருப்பார். அத்தையின் வீட்டுக்காரரும் தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்கில் இருந்தவர்தான். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மழையில் லைனில் வேலை செய்யும்போது ரயில் அடித்துச் செத்துப்போனார். அந்த வேலைக்குப் பதிலாக அத்தைக்குக் கேட் வேலை கொடுத்தார்கள். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் மகளோடு இருந்தார். அந்த மகள் நம் வகுப்பில் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தவள்.

அத்தைக்கு ஆட்டத்தில் ஒரு முக்கியமான வேலை இருந்தது. கேட்டிலிருந்து பார்த்தால் ரோடு நெடுக்கத் தெரியும். அதிகாரியின் ஜீப் கிளப்பும் தூசி தெரிந்தால் அத்தை ஓடிப்போய், அடையாளத்துக்கு நட்ட கொடிகளைப் பிடுங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். மட்டைகள் அத்தையின் கட்டிலுக்கு அடியில் போகும். ஜீப் வரும்போது எல்லோரும் முள் வெட்டிக்கொண்டிருப்பார்கள். "கேட்டம்மா இருக்கிற வரைக்கும் நமக்கு இன்னா பயம்?" என்பார் மேஸ்திரி மாமா. அத்தைக்கு அதில் பெருமை. வீட்டுக்காரர் போன பிறகு அந்த முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

கொடி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலில் பச்சைக் கொடியைத்தான் நட்டார்கள். அது காற்றில் கிழிந்து நாராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி மாமா அப்பாவின் சிவப்புக் கொடியை எடுத்து நட்டுவிட்டார். அப்பா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"மாமா, அத எடு. அது வெளையாட்டு சாமான் இல்ல."

"தண்டவாளமே இல்ல, எந்த ரயில நிறுத்தப் போற?"

"தண்டவாளம் இல்லன்னாலும் சிவப்பு சிவப்புதான். அத பாத்தா நிக்கணும், அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மாமாவும் சிரித்தார். "சரிப்பா, கொடியப் பாத்து பந்து நிக்குதா பாப்போம்" என்றார். நாமும் கூடச் சேர்ந்து சிரித்தோம். அப்பா கொடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் மாமாவின் பெரிய மகள் அவள் புதுக் கேமராவில் படம் எடுத்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் புதுத் தண்டவாளம் வந்தது. ஆட்டம் நிற்கவில்லை, விதிதான் மாறியது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பந்து விழுந்தால்தான் கணக்கு என்று ஸ்டேஷன் மாஸ்டர் மாமா புதுச் சட்டம் போட்டார். அந்தச் சிவப்புக் கொடியும் தண்டவாளத்துக்கு நடுவே வந்துவிட்டது. ஜல்லி ஏற்றிய ரயில் வண்டி எப்போதாவது வரும், ஞாயிற்றுக்கிழமை வராது. புதுப் பாதை இன்னும் முறைப்படி கைக்கு வராததால் கேட்டில் போன் கூட இல்லை. ஸ்டேஷனில் மட்டும் ஒரு போன் இருந்தது. அப்பா பழையபடி காலையில் கொடியும் சுத்தியலுமாக நடக்க ஆரம்பித்தார். சோற்றில் அம்மா ஒரு கரண்டி கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. அப்பா ஸ்டேஷனிலிருந்து கேட்டைப் பார்த்து நடந்து போகும்போது, வாய்க்காலை ஒட்டிய இடத்தில் புது மண் சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தார். ஜல்லி வண்டி சிதம்பரத்திலிருந்து வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். வண்டி வருகிற பக்கமாக, கேட்டை நோக்கி ஓடி, தூரத்திலேயே தெரியும்படி இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சிவப்புக் கொடியை ஆழமாக நட்டார். பிறகு போன் பண்ணச் சொல்ல ஸ்டேஷனுக்குத் திரும்பி ஓடினார். ஸ்டேஷன் மாஸ்டர் மாமா போன் பண்ணியபோது, வண்டி கிளம்பி நேரமாகிவிட்டது என்றார்கள். "கொடி இருக்குது, நின்னுடுவான்" என்றாராம் அப்பா.

வண்டி நிற்கவில்லை. தகரக் கூரையின் மேல் லாரி லாரியாகக் கல் கொட்டியது போன்ற அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். வண்டிகள் வாய்க்காலுக்குள் சாய்ந்தன. ஜல்லியின் மேல் உட்கார்ந்து வந்த கூலி ஆட்களில் திட்டக்குடிப் பக்கத்து இளவட்டம் ஒருவரின் கால் நசுங்கிப் போனது. அவரைக் கதவு ஒன்றின் மேல் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அப்பாவும் ஒருவர். அன்று அப்பா போட்டிருந்த சட்டையை அம்மா துவைக்கவே இல்லை, குழி தோண்டிப் புதைத்துவிட்டாள்.

விசாரணை நடந்தது. கொடி நட்டேன் என்றார் அப்பா. எந்தக் கொடியையும் பார்க்கவில்லை என்றார் டிரைவர். தேடிப் பார்த்தார்கள், கொடியும் இல்லை, கொடிக்கம்பும் இல்லை. கேட் அத்தையைக் கேட்டார்கள். தான் எதையும் பார்க்கவில்லை என்று அத்தை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோல்ப் ஆடுவது உண்டா என்று மேஸ்திரி மாமாவைக் கேட்டபோது அவர் பொய் சொல்லத் தெரியாமல் உண்டு என்றார். அவ்வளவுதான், அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆட்டத்தில் கொடியைத் தொலைத்துவிட்டு, சரிவைக் கண்டதும் வெறுங்கையோடு போனுக்கு ஓடிவந்துவிட்டு, கொடி நட்டதாகக் கதை விடுகிறார் என்று முடிவு செய்தார்கள். கீமேன் வேலையைப் பறித்து, சாதாரண கேங்மேனாக்கி, தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றினார்கள்.

அப்பாவுக்கு வேலை போகவில்லை, சம்பளம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் தலை குனிந்து நடந்த மனிதருக்கு இருந்த ஒரே மரியாதை, அவர் பார்த்துவிட்டுப் போன லைனில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்பதுதான். அது போய்விட்டது. நம் குவார்ட்டர்ஸில் யாரும் அவரை நம்பவில்லை. என் அம்மாவே நம்பவில்லை.

"நட்டேன் நட்டேன்னு சொல்றீங்களே, நட்ட கொடி எங்க போச்சு? காக்கா தூக்கிக்கினு போச்சா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கயிற்றை எடுத்துச் சாமானைக் கட்ட ஆரம்பித்தார். பதில் சொல்லாததாலேயே நானும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டேன். புது ஊருக்கு வண்டியில் சாமான் ஏற்றும்போது எப்படியோ ஒரு கோல்ப் மட்டையும் கூடவே வந்துவிட்டது. அம்மா அதை எறியவும் இல்லை. அதன் வளைந்த முனையால் முருங்கைக்காய் பறித்தாள். ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் அப்பாவின் காதில் விழும்படி எதையாவது சொல்வாள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அகலப் பாதையில் முதல் ரயில் விட்டபோது நம் ஸ்டேஷனில் மாவிலை கட்டி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்களாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி நீங்கள் அறியாத பாதி.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அப்பா ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, கேசரி கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் வாசலில் கேட் அத்தை நின்றார். இத்தனை தூரம் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மெலிந்து பாதியாகியிருந்தார். அம்மா தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார். துவைத்து மடித்த சிவப்புக் கொடி. கூடவே அதன் கம்பு, பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியது. அப்பா தன் கொடிக்கம்புகளுக்கு மட்டும்தான் அப்படிச் சுற்றுவார், கை வழுக்காமல் இருக்க.

"நான்தான் புடுங்கினேன்" என்றார் அத்தை. "வண்டில பெரிய ஆபீசர் ஏறி வர்றாருன்னு காலைல ஜல்லி கொட்டுற ஆளுங்க சொன்னாங்க. லைன்ல நிமிந்து பாக்குறேன், நட்டநடுவுல கொடி நிக்கிது. மொதநாளு ஆடிட்டு மறந்துட்டாங்களே, மாட்டிக்குவாங்களேன்னு ஓடிப்போய் புடுங்கி முந்தானையில சுருட்டிக்கினேன். வண்டிக்குப் பச்ச காட்டுனேன். நானே காட்டுனேன். அந்தப் புள்ள காலு..."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விசாரணைல சொல்லியிருக்கணும். எம் பொண்ணு மொகம் வந்து நின்னுடுச்சி. வாயத் தொறக்க முடியல. இப்ப ஆபீஸ்ல வந்து சொல்றேன். என்னா ஆனாலும் ஆவட்டும்."

அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கம்பை எடுத்து டியூப் சுற்றிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றார். "அன்னிக்கி சாயங்காலமே தெரியும். உங்க வூட்டுக்குத் தண்ணி குடிக்க வந்தேன் இல்ல? வெறகுக்கு நடுவுல இந்தக் கம்பு சொருகியிருந்துச்சி. குடிச்சிட்டு வந்துட்டேன்."

அத்தை அழுதார். அம்மா அழவில்லை, அவளுக்குக் கோபம். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? இத்தன வருஷமா உங்கள இன்னா பேச்சு பேசியிருப்பேன்?"

"சொன்னா நீ நேரா கேட்டுக்குத்தான் போயிருப்ப" என்றார் அப்பா. அது உண்மைதான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

பிறகு அத்தையிடம் சொன்னார்: "அக்கா, கொடிய எடுத்தது நீங்கதான். எடுக்கப் பழக்குனது யாரு? நாங்கதானே. தூசி தெரிஞ்சா ஓடிப்போய் புடுங்குன்னு உங்களுக்கு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். ஆபீசுக்கெல்லாம் போவாதீங்க. பொண்ணு படிப்ப முடிக்கட்டும். சாப்பிட்டுட்டுப் போங்க."

அம்மா எழுந்து இலை நறுக்கப் போனாள். அன்று முருங்கைக்காய்ச் சாம்பார். காயைப் பறிக்க மட்டையைத் தொடாமல் பக்கத்து வீட்டுத் தொரட்டியை வாங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

அத்தை போன மாதம் தவறிப்போனார். அத்தையின் மகள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள், அந்தப் படத்துக்கு அவள் சிரிக்கவில்லை என்பதை நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். படம் வந்த அன்று அவள் என்னைக் கூப்பிட்டு, "எங்கம்மா சொல்லணும்னே இருந்தாங்க. இனிமே நீ எழுதுடி, எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

எழுதுவதற்கு முன் அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, செல்போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். மேஸ்திரி மாமாவையும் தேடவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. மூலையைக் காட்டி, "இத பெருசு பண்ணு" என்றார். பெரிதாக்கிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"செவப்புதான். பக்கத்துல நின்னு சிரிச்சிக்கினு இருக்கேன் பாரு" என்று சொல்லி செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.